வாங்குன கை

தேதிய மட்டும் சரியா எழுதிருங்கம்மா. மே ஏழாம் தேதி. அன்னைக்கு வேலையில இருக்கும்போது கூட வேலை பாக்குற நர்ஸ் தள்ளிவிட்டதுல வலது மணிக்கட்டு இரும்புக் கம்பியில இடிச்சி, அதுல இருந்து வலி. இத ஒரு நாலு வரி, பிசியோதெரபி டாக்டர்னு உங்க பேரு போட்ட தாள்ல, சீல் வச்சித் தந்தீங்கன்னா போதும். மத்தபடி மெழுகு, கரண்டு, ஒத்தடம், நீங்க என்ன வைக்கணுமோ வையுங்க. நான் வேண்டாங்கல.

இந்த மெழுகு எவ்வளவு நேரம் இருக்கணும்? இருவது நிமிஷமா? ஆத்தாடி. நான் இருவது நிமிஷம் ஒரு இடத்துல சும்மா இருந்ததே கிடையாதும்மா. கோயில்ல பிரசங்கம் நீண்டுட்டுன்னா செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வந்திருவேன். எங்க வீட்டுக்காரர் சொல்லுவாவ, ஒனக்கு ஆண்டவர் கால்ல சக்கரத்த வச்சி அனுப்பிட்டாருன்னு. சரி, சரி, கைய ஆட்டல. நீங்க உக்காருங்க. நின்னா எனக்குப் பதட்டமா இருக்கு.

எம் பேரு மேபல் ஞானசெல்வி. சீட்டுல பாத்திருப்பீங்க. குழந்தைங்க வார்டு, அவசரப் பிரிவு. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், ஊருக்குள்ள தெரிஞ்சதுதான். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ், இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. இந்த முப்பத்தொரு வருஷத்துல என் மேல ஒரு புள்ளி கிடையாது. இப்போ திங்கக்கிழமை சீஃப் டாக்டர் முன்னால நான் விளக்கம் சொல்லணுமாம். யாரால? நூர்நிஷான்னு ஒரு கான்ட்ராக்ட் நர்ஸால. வந்து ரெண்டு வருஷம் முழுசா ஆகல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி கேக்கேன். அவ என்னைத் தள்ளுனது நெசம்னு ஒரு டாக்டர் கையால எழுதி இருந்துட்டா, அப்புறம் யாரு யாருக்கு விளக்கம் சொல்லுதான்னு பாப்போம்.

என்னமா பேனாவ மூடிட்டீங்க? சரி, முழுசாக் கேட்டுட்டே எழுதுங்க. நியாயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க.

எல்லாருக்கும் மே மாசம்னா லீவு, மாம்பழம். எங்க வார்டுக்கு மே மாசம்னா தண்ணி. கிணத்துல விழுந்தது, கல்குவாரிக் குட்டையில விழுந்தது, வீடு கட்டுற இடத்துல தொட்டிக்குள்ள விழுந்ததுன்னு பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வருவாங்க. பைக்குல, ஆட்டோவுல, ஒரு தடவை டிராக்டர்ல. தலையில இருந்து தண்ணி சொட்டும். வாசல்ல யாரு நிக்காளோ அவ கையில குடுத்துருவாங்க. மூச்சு இருக்காது, நாடி இருக்காது. நெஞ்ச அமுக்கணும். நெஞ்ச அமுக்கினாத்தான் ரத்தம் தலைக்குப் போகும். அதுக்கு மேலதான் ஊசி, மருந்து, எல்லாம்.

எங்க வார்டுல ஒரு வழக்கம் உண்டு. வாங்குன கைன்னு சொல்லுவோம். பெத்தவ கையில இருந்து பிள்ளைய எந்தக் கை வாங்குச்சோ, அந்தக் கைதான் அமுக்கணும். பிழைச்சாலும் அந்தக் கைதான் திருப்பிக் குடுக்கணும், போயிட்டாலும் அந்தக் கைதான் குடுக்கணும். நடுவுல கை மாறக்கூடாது. கை மாறுனா உயிரு மாறிரும்பாங்க. ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு நர்ஸ் இருந்த காலத்துல வந்த வழக்கம். வேற கையே இல்லியே, யாருக்கு மாத்துறது. ஆனா பழகிட்டு. அதுல ஒரு மரியாதை இருக்கும்மா. ஒருத்தி நம்மள நம்பிப் பிள்ளையக் குடுக்கா. அத அடுத்தவட்ட தள்ளிவிட்டுட்டு நாம ஓரமா நின்னு மூச்சு வாங்குறதா?

நான் கை மாத்துனதே கிடையாது. நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, நாப்பது நிமிஷம். ஒத்தையில. டாக்டரே போதும் சிஸ்டர்னு சொல்லி என் கையப் பிடிச்சி நிறுத்துனாவ. அப்படி நாலஞ்சு பேரு. யாருட்ட வேணா கேளுங்க, மேபல் சிஸ்டர் கை இரும்புன்னு சொல்லுவாங்க.

உயரந்தான் இல்ல. நாலடி பத்து. நர்சிங் படிக்கும்போது எனக்கு அரைப்படின்னுதான் பேரு. வரிசையில முன்னால நிக்க வைப்பாங்க, போட்டோவுல ஸ்டூல் போட்டு நிக்க வைப்பாங்க, அரைப்படி வந்துட்டு, படிய நிரப்புங்கன்னு சிரிப்பாங்க. அதனால எனக்கு ஸ்டூலுன்னாலே ஆகாது. வார்டுல கட்டில் எல்லாம் உயரம். இறக்குற கைப்பிடி உடைஞ்சி எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் குதிகாலத் தூக்கிக்கிட்டு நின்னே அமுக்கிருவேன்.

இங்கதான் வருது விஷயம். மார்ச் மாசம் சீஃப் டாக்டர் வேலாயுதம் ஒரு பொம்மை கொண்டுவந்தாவ. நல்ல மனுசர், குறை சொல்லக்கூடாது. அஞ்சு வயசுப் பிள்ளை சைசுல ரப்பர் பொம்மை. அது நெஞ்ச அமுக்கினா செல்போன்ல பச்சைக் கோடு ஏறி இறங்கும். ஆழம் போதலன்னா சிவப்பு. ரெண்டு நாள் வகுப்பு எடுத்தாவ. கை மடங்கக்கூடாதாம். தோள், பிள்ளை நெஞ்சுக்கு நேரா மேல இருக்கணுமாம். கைப் பலத்துல அமுக்கக்கூடாது, உடம்புப் பாரத்துல அமுக்கணுமாம். குள்ளமா இருக்கவங்க ஸ்டூல்ல ஏறி நிக்கணுமாம். இதச் சொல்லும்போது எல்லாரும் என்னையப் பாத்தாளுவ. பிறகு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கை மாத்தணுமாம். தளர்ந்தாலும் மாத்தணும், தளரலன்னாலும் மாத்தணும்.

நான் எந்திரிச்சிக் கேட்டேன். சார், தளராதவ ஏன் மாத்தணும்னு. அவிய சிரிச்சிக்கிட்டே அடுத்ததுக்குப் போயிட்டாவ. மறுவாரம் பச்சை பெயின்ட் அடிச்ச இரும்பு ஸ்டூல் ஒண்ணு கட்டிலுக்கு அடியில வந்துட்டு. நான் அத காலால தள்ளி உள்ளயே விட்டுருவேன். இந்த நூர்நிஷா அத வெளிய இழுத்துப் போடுவா. நான் தள்ள, அவ இழுக்க. மாமியார் மருமக கணக்காத்தான் இருந்துச்சு.

அவளப் பத்திச் சொல்லணும்லா. மேலப்பாளையத்துப் பிள்ளை. நல்ல உயரம். வேலை தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், பொய் சொன்னா நாக்கு அழுகிரும். சின்னப் பிள்ளைக்கு நரம்பு கிடைக்கலன்னா அவளத்தான் கூப்பிடுவோம். வாய் அதிகம் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்காது. சண்டைக்கு வாரவளச் சமாளிச்சிரலாம், சும்மா நிக்கவள என்ன செய்ய.

மே ஏழாம் தேதி மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். குவாரிக் குட்டையில விழுந்த பொம்பளப் பிள்ளை, ஆறு வயசு, இசைப்பிரியான்னு பேரு. அவ அப்பன் பைக்குல நடுவுல வச்சிக் கொண்டாந்தான். நான்தான் வாங்குனேன். கட்டில்ல போட்டேன், அமுக்க ஆரம்பிச்சேன். டியூட்டி டாக்டர் தலைமாட்டுல நின்னு காத்துப் பைய அமுக்குதாரு. நூர்நிஷா மருந்து ஏத்துதா. ரெண்டு நிமிஷத்துல சொன்னா, சிஸ்டர் மாத்துவோமான்னு. நாலுல சொன்னா. எட்டுல சொன்னா. நான் அவ பக்கமே திரும்பல. பதினோரு நிமிஷம் ஆச்சு. திடீர்னு என் தோள்ல ஒரு இடி. தோளால இடிச்சித் தள்ளிட்டு அந்த இடத்துல வந்து நின்னுட்டா. நான் போயி ட்ரிப் ஸ்டாண்டுல விழுந்தேன். பிள்ளைய பெத்தவன் பாக்கான். ஆயாம்மா பாக்கா. வாசல்ல நிக்க செக்யூரிட்டி பாக்கான்.

அவ ரெண்டு நிமிஷம் அமுக்குனா. டாக்டருக்குக் குடுத்தா, அவர் ரெண்டு நிமிஷம். திரும்ப அவ வாங்குனா. அந்தத் தடவை நாடி வந்துட்டு.

வந்துட்டுதான். நான் இல்லங்கல. பிள்ளை இப்போ நல்லா இருக்கு, போன வாரம் டிஸ்சார்ஜ். ஆனா நீங்களே சொல்லுங்க. அடுப்ப மூட்டி, உலை வச்சி, அரிசி போட்டு, தீய ஊதிக்கிட்டு நின்னது நானு. கடைசியில வந்து வடிச்சவ அவ. சோறு ஆக்குனது யாரு? அந்த அப்பன் போயி நூர்நிஷாவக் கும்பிடுதான். எம் பிள்ளைய மீட்டுக் குடுத்தீங்களேன்னு அழுதான். நான் அங்கனயே ஸ்டாண்ட நிமித்தி வச்சிக்கிட்டு நிக்கேன். என்னைப் பாத்து ஒரு வார்த்தை? கிடையாது.

மெழுகு இறுகிட்டு போல. பிச்சிரவா? வேண்டாமா. சரி.

அன்னைக்குச் சாயங்காலமே புகார் எழுதிட்டேன். பணி மூத்தவள ஒரு கான்ட்ராக்ட் நர்ஸ் பொது இடத்துல தள்ளிவிட்டான்னு. சீஃப் டாக்டர் படிச்சிட்டு என்ன செஞ்சாவ தெரியுமா? ரெண்டு பேரையும் கூப்பிட்டு அந்தப் பொம்மைய மேசையில வச்சாவ. அஞ்சு நிமிஷம் அமுக்குங்க சிஸ்டர்ன்னாவ. நானும் விட்டேனா பாருன்னு அமுக்குனேன். முதல் நிமிஷம் செல்போன்ல நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு மார்க். பாத்தீங்களா? அம்பத்தெட்டு வயசுல. ரெண்டாவது நிமிஷம் அறுவத்தொண்ணுன்னு காட்டுச்சு. மூணாவது முப்பத்தெட்டு. அதுக்கப்புறம் சிவப்புதான். நான் அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன், ஒரே சீரா.

"சிஸ்டர், கை தளர்ந்த மாதிரி தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாவ.

"ஒண்ணும் இல்ல சார், இன்னும் அரைமணி நேரம் அமுக்குவேன்."

"அதான் சிஸ்டர் சிக்கலே. அமுக்குறவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல நிக்கவங்களுக்குத்தான் தெரியும்."

பிறகு நூர்நிஷா அமுக்குனா. ரெண்டு நிமிஷம் ஆனதும் அவளே கைய எடுத்துட்டா. சீஃப் விடல, தொடர்ந்து செய்யின்னாவ. மூணாவது நிமிஷத்துல அவளுக்கும் குறைஞ்சிட்டு. இருவத்தொம்பது வயசு, ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி, அவளுக்கும்! நான் வெளிய வந்து எல்லாருட்டயும் சொன்னேன், அவ ஒண்ணும் கிழிக்கல, அவளுக்கும் சிவப்புதான் வந்துச்சுன்னு. அதுக்கு அவ, எல்லாருக்கும் வரும் சிஸ்டர்னு மட்டும் சொன்னா.

ரப்பர் பொம்மைக்கு என்னம்மா தெரியும்? அதுல ரத்தம் ஓடுதா? நான் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன் வீட்டுல. அந்தப் பொம்மை சொல்றது நெசம்னா, நாங்குநேரிப் பிள்ளைக்கு நான் அமுக்குன நாப்பது நிமிஷத்துல முதல் ரெண்டு நிமிஷந்தான் சேத்தி. மிச்சம் முப்பத்தெட்டும் சும்மா தட்டிக் குடுத்ததுதான்னு ஆயிரும். அதுக்கு முன்னால உள்ள பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்னு ஆயிரும். அப்படி இருக்க முடியுமா? முடியாதுல்லா. அதனாலதான் சொல்லுதேன், பொம்மை சொல்றது நெசம் இல்ல.

சீஃப் டாக்டர்ட்ட நியாயம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் மேட்ரன்ட்ட போனேன். எங்க செட்டு அவ, ஒண்ணா ஹாஸ்டல்ல இருந்தவ. ஜூன் மாசக் கடைசியில நூர்நிஷாவுக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். நான் அத நிறுத்துன்னு சொல்லல. ஆண்டவர் சாட்சியாச் சொல்லுதேன், நிறுத்துன்னு சொல்லல. கவனத்துல வச்சுக்கோன்னுதான் சொன்னேன். மேட்ரன் அவளக் கூப்பிட்டு என்ன சொன்னாளோ, மறுநாள் காலையில டியூட்டி மாத்துற நேரத்துல, எல்லாரும் இருக்கும்போது, எம் முன்னால வந்து நின்னா. கண்ணு வீங்கி இருந்துச்சு. அவளுக்கு ரெண்டு தங்கச்சி, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாது. அதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும்.

"நான் செஞ்சது தப்பு, சிஸ்டர். இனி நீங்களா சொல்லாம உங்கள நான் தொட மாட்டேன்."

எனக்கு அது போதும்னு இருந்துச்சு. மன்னிச்சிட்டேன். அன்னைக்கு அவளுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். என்னைக் குணங்கெட்டவன்னு நினைச்சிராதீங்க.

என்ன கேக்கீங்க? பத்து நாளா?

வெளிய சீட்டு எழுதுற பிள்ளைட்ட பத்து நாளா வலின்னு சொன்னேனா. வாய் தவறி இருக்கும். ஏழாம் தேதின்னா இன்னைக்கு இருவத்திரெண்டு நாள். பத்து நாள்ங்கிறது, அது வேற. அது பத்தொம்பதாம் தேதி. இல்ல, அத ஏன் இப்போ. நீங்க ஏழுன்னே எழுதுங்க. வலின்னா அப்பவே தெரியுமா, பைய பையத்தான் தெரியும். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுதான் எலும்பு டாக்டரும் சொன்னாவ. வீக்கம் இல்ல, சவ்வு கிழியல. ஒண்ணும் இல்லாமலா வலிக்கும்? ராவெல்லாம் தலையணைக்கு அடியில கைய வச்சிப் படுக்கேன்.

சொல்லிருதேன். நீங்க அப்படிப் பாக்காதீங்க.

பத்தொம்பதாம் தேதி காலையில பதினோரு மணி. பேச்சிராஜான்னு ஒரு பையன். நாலு வயசு. புது வீடு கட்டுற இடத்துல தண்ணித் தொட்டி. அவன் அம்மா அங்க சித்தாள் வேலை பாக்கா. செங்கல் தூசியோட, தலையில கட்டுன துண்டோட, பிள்ளைய நெஞ்சோட அணைச்சித் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல இருந்து இறங்குனா. விழுந்து ரொம்ப நேரம் ஆகலன்னா. உடம்புல சூடு இருந்துச்சு. நான்தான் முன்னால ஓடுனேன். எங்கையிலதான் குடுத்தா.

அமுக்குனேன். நூர்நிஷா ஊசி போட்டுட்டு, மருந்த ஏத்திட்டு, எனக்கு எதுத்தாப்புல வந்து நின்னா. அந்த ஸ்டூலக் காலால என் பக்கம் தள்ளுனா. நான் ஏறல. அவ கை ரெண்டையும் கோத்து, விரல மடக்கி, அமுக்குறதுக்குத் தயாரா நெஞ்சுக்கு முன்னால வச்சிக்கிட்டு நிக்கா. பிள்ளைக்கு மேல, எங்கைக்கு ஒரு சாண் தள்ளி. தொடல.

"ரெண்டு நிமிஷம், சிஸ்டர்"ன்னா.

நான் அமுக்கிக்கிட்டே இருக்கேன்.

நாலு நிமிஷம்னா. ஆறு நிமிஷம்னா. அதே குரல்ல, கூடாம குறையாம. டியூட்டி டாக்டர் குழாய் இறக்கப் போராடிக்கிட்டிருக்காரு, அவருக்கு அந்தத் தொண்டையத் தவிர வேற நினைப்பு இல்ல. எட்டு நிமிஷம் சிஸ்டர்னா. எனக்குக் காதுல விழுந்துச்சு. விழாமலா? நல்லா விழுந்துச்சு. பத்து. பன்னெண்டு. அவ கை அப்படியே நிக்கு. கேக்கட்டும், கெஞ்சட்டும்னு ஒரு நினைப்பு வந்துச்சும்மா. பிள்ளை நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு அந்த நினைப்பு வந்துச்சு. பதினாறுல அவ குரல் உடைஞ்சிட்டு. உடைஞ்ச குரல்லயும் நிமிஷத்தத்தான் சொல்லுதா. கண்ணுல தண்ணி ஓடுது. கைய எடுக்கல.

இருவத்திரெண்டு நிமிஷம். பிறகு சீஃப் ஓடி வந்தாவ, என்னை ஒதுங்கச் சொன்னாவ, எல்லாருமா மாத்தி மாத்தி அமுக்குனாங்க. பதினோரு தடவை அவ சொல்லியிருக்கா. எல்லாம் முடிஞ்ச பிறகு தாள்ல வரிசையா எழுதியும் வச்சிருக்கா, ரெண்டு நிமிஷம் கை மாற்றம் இல்லை, நாலு நிமிஷம் கை மாற்றம் இல்லைன்னு. எழுதுறது அவ வேலைதான், நேரத்தோட எழுதணும்னுதான் சட்டம். அந்தத் தாள வச்சித்தான் திங்கக்கிழமை என்னை விளக்கம் கேக்காவ. நான் அத சதின்னு சொன்னேன். எல்லாருட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் அதுக்குத்தான் வந்தேன்.

பிள்ளை வரல.

வாங்குன கைதான் குடுக்கணும்லா. நான்தான் துணிய மாத்தி, தலையத் துவட்டி, வெளிய கொண்டுபோயிக் குடுத்தேன். அவ அழுவா, மண்ண வாரி எறிவா, என்னை அடிப்பான்னு நினைச்சேன். எத்தனையோ பேரு அடிச்சிருக்காங்க, அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். அவ கண்ணாடிக் கதவு வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு எங்கையப் பிடிச்சா.

"ஒத்தையில இம்புட்டுப் பாடுபட்டியளே, தாயீ. ஒரு ஆளு வந்து ஒங்களுக்குக் கை குடுக்கலியே"ன்னா.

சொல்லிட்டு, எங்கைய எடுத்து அவ கண்ணுல ஒத்திக்கிட்டா. இந்தக் கைதான். இந்த எடம்தான்.

அதுல இருந்துதான் வலிக்கிம்மா. ஏழாம் தேதி இல்ல. ஏழாம் தேதி கம்பியில இடிச்சதும் இடது கைதான், அதுவும் ஒரு கீறல். நீங்க அந்தக் கடுதாசிய எழுத வேண்டாம். தாள எடுத்து உள்ள வச்சிருங்க. திங்கக்கிழமை போயி என்ன சொல்லணுமோ சொல்லிக்கிடுதேன். அவ எழுதுனது எல்லாம் சரிதான்னு சொல்லிக்கிடுதேன்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க இதத்தான படிச்சிருக்கீங்க. ஒரு கையில பலம் போயிட்டுன்னா, அது உடையவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்சம் கூடவா தெரியாது? நெசமாவா. அமுக்கும்போது எனக்கு ஒரு வலி இல்லம்மா, ஒரு நடுக்கம் இல்ல. வலிச்சிருந்தா மாத்தியிருப்பேன்லா.

மெழுக எடுங்க. இருவது நிமிஷம் ஆயிருக்கும். ஆகலயா? ஆகலன்னாலும் எடுங்க, என்னால இருக்க முடியல.

எனக்கு நூர்நிஷா மேலதான் ஆத்திரமா இருக்கு. இப்பவும் அவ மேலதான். கோத்த கைய வச்சிக்கிட்டு இருவத்திரெண்டு நிமிஷம் நிக்கத் தெரிஞ்சவளுக்கு, கண்ணீர் விடத் தெரிஞ்சவளுக்கு, அன்னைக்கு மாதிரி என்னை ஒரு இடி இடிக்கத் தெரியலியா? நான் சொன்னாத்தான் தொடுவாளாம். சொல்லவா செய்வேன் நான்? என்னைத் தெரியாதா அவளுக்கு? இடிச்சிருந்தா திரும்பவும் விழுந்திருப்பேன். திரும்பவும் புகார் எழுதியிருப்பேன், மேட்ரன்ட்ட போயிருப்பேன், அவ வேலையக் கெடுத்துட்டுத்தான் உக்காந்திருப்பேன்.

புகார் எழுதுனா எழுதிட்டுப் போறேன்மா. அந்தப் பிள்ளை இருந்திருக்கும்லா.